பட்டாசு ஆர்டர்ல ஏமாந்ததை ஆவணப்படமா எடுக்கலாமா? பணம், பட்ஜெட், வரி – முழு கணக்கு



இன்னைக்கு கொஞ்சம் வித்தியாசமான டாபிக். ஆன்லைன் ஷாப்பிங்ல ஏமாந்துட்டோம். கோபம் இருக்கு, கையில நல்ல போன் இருக்கு. "இதை சும்மா விடக்கூடாது, ஒரு டாக்குமென்டரியா எடுத்துடலாம்"னு தோணுது. ஐடியா தப்பில்லை. ஆனா அந்த ஐடியாவோட நிதிப் பக்கத்தை யாரும் உட்கார்ந்து கணக்கு போடுறதில்லை. இந்த பதிவுல அதைத்தான் செய்யப் போறோம்.

ஒரு உதாரணத்தை எடுத்துப்போம். சென்னையில் வேலை செய்யும் ஒருத்தர், வயசு 27, கைக்கு வரும் சம்பளம் மாதம் 52,000 ரூபாய். தீபாவளிக்கு ஆபீஸ்ல ஏழு பேர் சேர்ந்து சிவகாசி பட்டாசு வாங்க முடிவு பண்றாங்க. சோஷியல் மீடியாவில் வந்த விளம்பரம், 80 சதவீதம் தள்ளுபடி, அழகான வெப்சைட், வாட்ஸ்அப்பில் மரியாதையா பேசுற ஒருத்தர். நம்ம ஆள் எல்லாருக்கும் சேர்த்து யுபிஐ-ல 14,900 அனுப்புறார். ரெண்டு நாள் கழிச்சு "லாரி சார்ஜ், பேக்கிங்"னு 3,500 கேட்கிறாங்க. அதையும் அனுப்புறார். லாரி டிரான்ஸ்போர்ட்டின் எல்ஆர் ரசீதுன்னு ஒரு போட்டோ வருது. அப்புறம் நம்பர் சுவிட்ச் ஆஃப். மொத்த நஷ்டம் 18,400. அதில் பாதிக்கு மேல மத்தவங்க பணம்.

இது கணக்குக்காக நான் போட்ட உதாரணம். ஆனா இந்த மாதிரி மோசடி நிஜம். தமிழ்நாடு காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவே தீபாவளி சமயத்துல ஆன்லைன் பட்டாசு விற்பனை மோசடி பற்றி பொதுமக்களை எச்சரிச்சிருக்கு.

1. முதல்ல பணம், அப்புறம்தான் படம்

ஏமாந்தது தெரிஞ்ச நிமிஷமே கேமராவைத் தூக்காதீங்க. போனை எடுத்து 1930-க்கு கூப்பிடுங்க. இது உள்துறை அமைச்சகத்தின் சைபர் நிதி மோசடி உதவி எண். உங்க பணம் எந்த கணக்குக்குப் போச்சு, அங்கிருந்து எங்கே நகர்ந்துச்சுன்னு வங்கிகளுக்கு தகவல் போய், மிச்சம் இருக்கிற பணத்தை நிறுத்தி வைக்கிறதுதான் இந்த ஏற்பாட்டின் வேலை. பணம் ஒரு கணக்குல அதிக நேரம் தங்காது. அதனால இங்கே ஒவ்வொரு மணி நேரமும் காசு.

கூடவே தேசிய சைபர் கிரைம் போர்ட்டல்ல புகாரைப் பதிவு பண்ணி ஒப்புகை எண்ணை வாங்கிக்கோங்க. உங்க வங்கிக்கும் எழுத்துல தெரிவிங்க. நிறுத்தி வைத்த பணம் உங்க கணக்குக்குத் திரும்பி வர நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். அதனால புகார் எண், வங்கிக் கடிதம் ரெண்டையும் பத்திரமா வையுங்க.

இங்கே நிறைய பேருக்கு ஒரு குழப்பம் இருக்கு. "மூணு நாளுக்குள்ள சொன்னா பேங்க் முழு பணத்தையும் தரணும்னு ஆர்பிஐ சொல்லியிருக்கே?" 2017 ஜூலையில் ஆர்பிஐ வெளியிட்ட சுற்றறிக்கை அது. ஆனா அது பேசுறது உங்க அனுமதி இல்லாம நடந்த பரிவர்த்தனையைப் பற்றி. நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணம் அதுக்குள்ள வராது. நம்ம உதாரணத்துல அனுப்பினது அவரேதான். அதனால அவருக்கு இருக்கிற வழி வேகமான புகார்தான்.

கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ கட்டியிருந்தா இன்னொரு கதவு இருக்கு: சார்ஜ்பேக். "பொருள் வரவே இல்லை"ங்கிற காரணத்துக்கு கார்டு நெட்வொர்க் விதிகள் பொதுவா 120 நாள் வரை இடம் தருது. ஆனா உங்க பேங்க் அதுக்கு முன்னாடியே கேட்கலாம். தள்ளிப் போடாதீங்க.

விற்றவர் யாருன்னு நிஜமாவே தெரிஞ்சா, நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க வசிக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்துல புகார் கொடுக்கலாம். கால வரம்பு 2 வருஷம். 5 லட்சம் வரையிலான விஷயத்துக்கு கட்டணம் கிடையாது. ஆனா எதிராளி பேரே பொய்னா இந்த வழி நகராது.

2. ஒரே ஃபைல், ரெண்டு வேலை

இந்த பதிவோட முக்கியமான பாயின்ட் இதுதான். பணத்தைத் திரும்பக் கேட்க நீங்க தயார் பண்ற ஃபைல்தான் உங்க படத்தோட முதுகெலும்பு. தனியா "ஆராய்ச்சி" தேவையில்லை. ஒரு ஆடிட்டர் ஃபைல் எப்படி இருக்குமோ அப்படி வையுங்க:

1) யுபிஐ பரிவர்த்தனை எண், யுடிஆர் நம்பர், நேரம், பணம் போன கணக்கின் யுபிஐ ஐடி. கூடவே வங்கி ஸ்டேட்மென்ட்.

2) வாட்ஸ்அப் சாட்டை ஸ்கிரீன்ஷாட்டோட நிறுத்தாம, எக்ஸ்போர்ட் பண்ணி வையுங்க. அசல் சாட்டை டெலீட் பண்ணாதீங்க. போனை எக்ஸ்சேஞ்ச்ல கொடுக்காதீங்க.

3) வெப்சைட்டை மேலிருந்து கீழ் வரை ஸ்கிரீன் ரெகார்டிங். முகவரி பட்டை தெரியணும். இந்த தளங்கள் சீசன் முடிஞ்சதும் காணாமப் போயிடும்.

4) விளம்பரம்: எந்த ஆப்ல, எந்த பக்கத்துல, எந்த தேதியில் பார்த்தீங்க.

5) அந்த போலி எல்ஆர் ரசீது. அதுல இருக்கிற டிரான்ஸ்போர்ட் பெயர், எண்.

6) ஏழு பேர்ல யார் எவ்வளவு கொடுத்தாங்கங்கிற பட்டியல், அவங்க அனுப்பிய ஆதாரத்தோட. நாளைக்கு ஒரு பகுதி திரும்பி வந்தா அதே விகிதத்துல பிரிக்கணும். அந்த பணத்துல ஒரு ரூபாய் கூட படச் செலவுக்குப் போகக் கூடாது.

இந்த ஆறுக்கும் ஒரு காலவரிசை எக்செல் போடுங்க: தேதி, நேரம், என்ன நடந்தது, ஆதாரம் எந்த ஃபைல்ல இருக்கு. போலீசுக்கு அது புகாரின் இணைப்பு. எடிட்டருக்கு அது ஸ்கிரிப்ட். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதினியம் பிரிவு 63, மின்னணு ஆதாரத்துக்கு சான்றிதழ் கேட்குது. அதனால எடிட்டிங்குக்கு எப்பவும் நகலை மட்டும் கொடுங்க. அசலைத் தொடாதீங்க.

3. கதை எங்கே இருக்கு?

"நான் ஏமாந்தேன்"ங்கிறது மூணு நிமிஷக் கதை. இருபது நிமிஷம் ஒருத்தரை உட்கார வைக்க, "இது ஏன் இவ்வளவு சுலபமா நடக்குது?"ங்கிற கேள்விக்கு பதில் வேணும். பட்டாசு விஷயத்துல அந்த பதில் சுவாரஸ்யமானது.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம், இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆன்லைன் ஆர்டர் ஏற்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. அதுக்கப்புறம் நிஜமான கடைகள் பலவும் தங்கள் தளத்துல "இது விசாரணைப் பட்டியல் மட்டுமே, எங்க ஆட்கள் போன்ல தொடர்பு கொள்வாங்க"ன்னு ஒரு வரி போட்டுட்டு, மிச்சத்தை போனிலும் வாட்ஸ்அப்பிலும் முடிக்கிறாங்க. பட்டாசு வெடிபொருள் என்பதால் சாதாரண கூரியர் எடுக்காது. லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீஸுக்கு பார்சல் வரும், நீங்க போய் எடுக்கணும்.

இப்போ யோசிங்க. வழக்கமா ஒரு போலி தளத்தைக் கண்டுபிடிக்க நாம என்ன பார்ப்போம்? பேமென்ட் கேட்வே இல்லை, கேஷ் ஆன் டெலிவரி இல்லை, வாட்ஸ்அப்ல பேசுறாங்க, யுபிஐ-க்கு அனுப்பச் சொல்றாங்க, டிராக்கிங் இல்லை. இந்த அடையாளம் எல்லாமே நிஜக் கடையிலும் இருக்கு! திருடனுக்கும் வியாபாரிக்கும் வெளித்தோற்றத்துல வித்தியாசமே இல்லாமப் போச்சு. உங்க படத்தோட மையம் இதுதான்.

இந்த உத்தரவால ஒரு பயமும் வருது: "ஆன்லைன்ல பட்டாசு வாங்கினதே தப்போ, புகார் கொடுத்தா நம்மைக் கேட்பாங்களோ?" அந்த உத்தரவு விற்கிற தளங்களை நோக்கியது. ஏமாந்தவர் 1930-க்கு கூப்பிட தயங்க வேண்டாம். போலீசே அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடச் சொல்றாங்க.

படத்துல பேச வேண்டியது மூணு பேர். ஒண்ணு, வாங்கினவர். ரெண்டு, போலி தளங்களால நம்பிக்கை இழக்கிற உண்மையான சிவகாசி வியாபாரி. மூணு, பணம் போய் விழுந்த கணக்கின் சொந்தக்காரர். இந்த மூணாவது ஆளுக்குத்தான் அடுத்த பகுதி.

4. கேமராவுக்கு முன்னாடி சட்டம்

பணம் போன கணக்கு ஒருத்தர் பெயர்ல இருக்கும். அவரே குற்றவாளின்னு முடிவு பண்ணாதீங்க. சில ஆயிரத்துக்கு ஆசைப்பட்டு கணக்கை வாடகைக்கு விட்ட காலேஜ் பையனா இருக்கலாம். தன் பெயர்ல கணக்கு திறந்ததே தெரியாத ஒருத்தராவும் இருக்கலாம். அவர் பெயர், முகம், போன் நம்பரை படத்துல போட்டு "இவன்தான் திருடன்"னு சொன்னா, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356-ன் கீழ் அவதூறு வழக்கு உங்க மேல வரலாம். ஏமாந்தவரே எதிர்வாதி ஆகுற நிலைமை அது. எண்களை மறைங்க, முகத்தை மங்கலாக்குங்க, நீதிமன்றம் சொல்லாத வார்த்தையை நீங்க சொல்லாதீங்க.

ரெண்டாவது எச்சரிக்கை. ஜிம் பிரவுனிங்ங்கிற புனைபெயரில் இயங்குபவர் மோசடி கால் சென்டரின் கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து எடுத்த காட்சிகளை, பிபிசி பனோரமா 2020-ல் ஒளிபரப்பியது. பார்க்க த்ரில்லாதான் இருக்கும். நீங்க செய்யாதீங்க. அனுமதி இல்லாம அடுத்தவர் கம்ப்யூட்டர்ல நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 66-ன்படி 3 வருஷம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எதிராளி திருடன்ங்கிறது அதுக்கு லைசென்ஸ் ஆகாது.

மூணாவது, விசாரணை நடக்கும்போது விசாரணை அதிகாரிகிட்ட சொல்லாம யாரையும் தேடிப் போய் படம் எடுக்காதீங்க. நீங்க உஷார்படுத்திட்டா உங்க பணமும் போகும், மத்த புகார்தாரர் பணமும் போகும். பேட்டி கொடுக்கிற எல்லார்கிட்டயும் எழுத்துல சம்மதம் வாங்குங்க. உங்க ஆபீஸ் நண்பர்கள் உட்பட.

5. பட்ஜெட்: 18,400 போச்சு, இன்னும் எவ்வளவு போகலாம்?

25 நிமிஷப் படம், மூணு பேர் குழு, சிவகாசியில் 4 நாள் ஷூட்டிங்னு ஒரு மாதிரி பட்ஜெட் போடுவோம். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். அமைப்பைப் பாருங்க.

பயணம், தங்குவது, சாப்பாடு – 22,000
கேமரா, லென்ஸ், மைக் வாடகை – 20,000
ஒளிப்பதிவாளர் – 24,000
எடிட்டிங் – 30,000
ஒலிக்கலவை, இசை உரிமம் – 12,000
வக்கீல் பார்வை – 10,000
ஹார்ட் டிஸ்க், சப்டைட்டில் – 12,000
கூட்டினால் 1,30,000. எதிர்பாராத செலவுக்கு 10 சதவீதம் சேர்த்தா 1,43,000.

அதாவது இழந்ததைப் போல கிட்டத்தட்ட எட்டு மடங்கு! "படம் ஓடினா போன பணம் திரும்பி வந்துடும்"னு மனசு சொல்லும். ஷேர் மார்க்கெட்ல நஷ்டத்தை எடுக்க ஆவரேஜ் பண்ற அதே மனசுதான் இது. போன பணம் போனதுதான். அதைக் காரணம் காட்டி புதுப் பணத்தைப் போடாதீங்க. படத்துக்குப் போடுற ஒவ்வொரு ரூபாயும் படத்துக்காக மட்டும் நியாயப்படணும்.

உலகமே பார்த்த படத்தின் நிலைமையைப் பாருங்க. 2022 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ்ல வந்த 'தி டிண்டர் ஸ்விண்ட்லர்' ஷாப்பிங் மோசடி இல்லை, டேட்டிங் ஆப் மோசடி. ஏமாந்த பெண்கள் தாங்களே திரையில் வந்து பேசினாங்க. படம் பெரிய ஹிட். அதுக்குப் பிறகும் அவங்க மேல இருந்த கடனை அடைக்க கிரவுட்ஃபண்டிங் ஆரம்பிக்க வேண்டியிருந்தது. படம் அவங்களுக்கு குரல் கொடுத்துச்சு. பணம் வேற கணக்கு.

சரி, நம்ம ஆளால எவ்வளவு முடியும்? சம்பளம் 52,000. வாடகை, வீட்டுக்கு அனுப்புறது, மத்த செலவு 34,000. எஸ்ஐபி 6,000. மிச்சம் 12,000. அதுல 8,000 எமர்ஜென்சி ஃபண்டுக்குப் போகட்டும். படத்துக்கு மாதம் 4,000, ஒரு வருஷத்துக்கு 48,000. இதுதான் உச்சவரம்பு. பர்சனல் லோன் இல்லை, கிரெடிட் கார்டு ஈஎம்ஐ இல்லை, எஸ்ஐபி-யை நிறுத்தக் கூடாது.

இப்போ படத்தை இந்த வரம்புக்குள்ள மடக்குவோம். 12 நிமிஷம், சொந்த போன்ல ஷூட்டிங், ரெண்டே பேர். பயணம் 13,000, மைக்கும் டிரைபாடும் வாடகைக்கு 4,000, எடிட்டிங் 12,000, இசை உரிமம் 2,000, வக்கீல் 7,500, ஹார்ட் டிஸ்க் 5,000. கூட்டினா 43,500. 10 சதவீதம் சேர்த்தா 47,850. வரம்புக்குள்ள வந்துடுச்சு. கவனிச்சீங்களா, கேமரா செலவை முழுசா வெட்டினோம், வக்கீல் செலவைக் கொஞ்சம்தான் குறைச்சோம். மங்கலான ஷாட்டை யாரும் மன்னிப்பாங்க. அவதூறு நோட்டீஸ் அப்படி இல்லை.

படத்துக்குன்னு தனி சேவிங்ஸ் அக்கவுன்ட் ஒண்ணு திறந்துடுங்க. சம்பளக் கணக்குல கலக்காதீங்க. ஏன்னு அடுத்த பகுதியில் புரியும்.

6. வரி: சம்பளக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஐந்து விஷயம்

ஒண்ணு: மோசடியில் போன 18,400-ஐ சம்பள வருமானத்துல கழிக்க முடியாது. எந்த ரெஜிம்ல இருந்தாலும் முடியாது. இது தனிப்பட்ட நஷ்டம்.

ரெண்டு: நண்பர்கள் படத்துக்கு "சும்மா" கொடுக்கிற பணம். 1961 சட்டத்தின் பிரிவு 56(2)(எக்ஸ்)-படி, உறவினர் அல்லாதவங்ககிட்டயிருந்து ஒரு நிதியாண்டில் வந்த மொத்தத் தொகை 50,000-ஐத் தாண்டினா, தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, முழுசுக்கும் வரி. 50,000 வரை வந்தா வரி இல்லை. 60,000 வந்தா 60,000-மும் வருமானம். பத்து பேர் ஆறாயிரம் ஆறாயிரமா கொடுத்தாலும் கூட்டித்தான் பார்க்கணும். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ன் புதிய வருமான வரிச் சட்டம் வருது. பிரிவு எண் மாறும், இந்த அடிப்படை அப்படியே இருக்கு.

மூணு: யூடியூப் வருமானம், ஸ்பான்சர் பணம், முன்கூட்டியே டிக்கெட் மாதிரி வாங்கின பணம் எல்லாம் பரிசு கிடையாது. பிசினஸ் வருமானம். ஐடிஆர்-1 போட்டுட்டிருந்தவர் ஐடிஆர்-3-க்கு மாற வேண்டி வரும். படச் செலவை அந்த வருமானத்துல கழிக்கலாம், பில் இருந்தா. ஆனா நஷ்டம் வந்தா அதை சம்பளத்தோட கழிக்க முடியாது. அடுத்த 8 வருஷ பிசினஸ் வருமானத்துக்கு எடுத்துட்டுப் போகலாம், அவ்வளவுதான். இன்னொரு பொறி: சம்பளம் மட்டும் இருக்கிறவர் ஒவ்வொரு வருஷமும் பழைய ரெஜிம், புது ரெஜிம் மாத்திக்கலாம். பிசினஸ் வருமானம் வந்துட்டா அந்த சுதந்திரம் போயிடும். பழையதுக்குப் போய்ட்டு ஒரே ஒரு தடவைதான் புதுசுக்குத் திரும்ப முடியும். வீட்டுக்கடன் வெச்சிருக்கிறவங்க இதை முன்கூட்டியே யோசிக்கணும்.

நாலு: இது நிறைய பேருக்குத் தெரியாது. பழைய சட்டத்தின் பிரிவு 285பி முன்னாடி சினிமா தயாரிப்பாளர்களுக்கு மட்டும் இருந்தது. 2022 நிதிச் சட்டம் அதுக்குள்ள ஆவணப்படத் தயாரிப்பையும் சேர்த்துடுச்சு. ஒரு நபருக்கு ஒரு வருஷத்துல 50,000-க்கு மேல் கொடுத்தா, நிதியாண்டு முடிஞ்ச 60 நாளுக்குள்ள படிவம் 52ஏ-வில் விவரம் தரணும். நம்ம 48,000 பட்ஜெட்டுக்கு இது வராது. ஆனா படம் பெருசாகி எடிட்டருக்கு 70,000 கொடுத்தா வரும்.

அஞ்சு: ஆபீஸ். உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து, வெளிவேலை பற்றிய ஷரத்தைப் படிங்க. பணம் வருதோ இல்லையோ, ஹெச்ஆர்-க்கு ஒரு மெயில் போட்டு அனுமதி வாங்கிடுங்க. 48,000 ரூபாய் படத்துக்காக 52,000 மாதச் சம்பளத்தை ரிஸ்க்ல வைக்கிறது நல்ல கணக்கு இல்லை.

அப்போ எடுக்கலாமா, வேண்டாமா?

மூணு கேள்வி கேட்டுக்கோங்க. 1930-லயும் வங்கியிலும் செய்ய வேண்டியதை எல்லாம் செஞ்சாச்சா? படத்துக்குப் போடுற பணம் முழுசும் திரும்பி வராம போனாலும் உங்க எமர்ஜென்சி ஃபண்டும் எஸ்ஐபி-யும் அசையாம இருக்குமா? யாரையும் பெயர் சொல்லித் திட்டாமலே அந்த மோசடி எப்படி வேலை செய்யுதுன்னு உங்களால விளக்க முடியுமா? மூணுக்கும் ஆமாம்னா, எடுங்க. ஒண்ணுக்கு இல்லைன்னாலும் ஃபைலை மட்டும் பத்திரமா வெச்சுட்டுக் காத்திருங்க.

எடுக்கிறதா இருந்தா சித்திரை, வைகாசியிலேயே ஷூட்டிங்கைத் தொடங்குங்க. ஆவணி முடியறதுக்குள்ள படம் வெளியே வரணும். தீபாவளி முடிஞ்சு வர்ற படம் ஒரு புலம்பல். ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி வர்ற படம், யாரோ ஒருத்தரோட 18,400-ஐக் காப்பாத்தும்.

பட்ஜெட் ஷீட்டும், ஆதாரப் பட்டியல் எக்செல்லும் எப்படிப் போடுறதுன்னு இந்த வார வீடியோவில் திரையிலேயே செஞ்சு காட்டுறேன். உங்க ஆபீஸ் பட்டாசு குரூப்புல இந்த பதிவை ஒரு தடவை ஷேர் பண்ணிடுங்க.